துரைமார் எழுதிய நினைவும் நம்மவர் எழுதாத நினைவும்



தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவரும் 'தன்கதை' எழுதாமல் வந்திருக்க மாட்டார். 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு மிதிவண்டி' என்பன நம் கட்டுரைப் பாடத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் தலைப்புகள். தொழிற்சாலையில் பிறந்து, கடையில் காத்திருந்து, ஒரு சிறுவனின் சட்டைப்பையில் வாழ்ந்து, இறுதியில் குப்பைத் தொட்டியில் கிடக்கும் பேனாவின் வாழ்க்கையை நம் மாணவர்கள் மனம் உருகும்படி எழுதிவிடுவார்கள். அதே மாணவரிடம், "உன் கொள்ளுத் தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை வராது. பேனாவுக்கு உள்ள தன்வரலாறு அந்தப் பெரியவருக்கு இல்லை!

தன்வரலாறும் நினைவும் இன்றைய பிரஞ்சு இலக்கியத்தில் பெரிதும் பேசப்படும் பொருள்கள். அதற்கும் பாடாங் செராய்த் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு. மலாயாவின் இரப்பர்த் தோட்ட வாழ்க்கையை உலகறியச் செய்த நூல்களுள் இரண்டு பிரஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. அவற்றை எழுதிய இருவரும் இங்கே தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள்.

பிரஞ்சுத் துரையின் புத்தகம்

முதலாமவர் ஆன்ரி ஃபோக்கோனியே. 1879-இல் பிரான்சில் பிறந்த இவர், 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் இரப்பர்த் தோட்டம் அமைத்தார். 1917-இல் அதே மாநிலத்தில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டவரும் இவரே. இன்று நம் பாடாங் செராய் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறதே, அதன் தொடக்கம் அங்கேதான். தோட்ட வாழ்க்கையை வைத்து இவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930-இல் பிரான்சின் புகழ்மிக்க கொன்கூர் பரிசைப் பெற்றது.

நல்ல நூல்தான். இந்த மண்ணின் மழையையும் காட்டையும் மலாய் மக்களின் பண்பாட்டையும் அன்போடு எழுதிய நூல். தமிழ்த் தொழிலாளரும் அதில் வருகின்றனர். ஆனால் கதையைச் சொல்பவர் துரை. பெரட்டுக்களத்தில் நின்று எதிரே வரிசையாக நிற்பவரைப் பார்ப்பவரின் கண்களால்தான் நாம் நம் முன்னோரைக் காண்கிறோம். வரிசையில் நின்றவர் அன்று விடியற்காலையில் என்ன நினைத்தார் என்பதை எந்தத் துரையாலும் எழுத இயலாது. அதை அவரே எழுதியிருக்க வேண்டும்.

ஆற்றின் பெயரை மாற்றிய நாவல்

இரண்டாமவர் பியேர் பூல். 1912-இல் பிறந்த பொறியாளர். 1936-இல் மலாயாவுக்கு வந்து இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றினார். போர் மூண்டதும் சுதந்திரப் பிரான்சுப் படையில் சேர்ந்தார். இந்தோசீனாவில், ஜப்பானியரோடு ஒத்துப்போன பிரஞ்சு அதிகாரிகளாலேயே சிறைபிடிக்கப்பட்டு, 1944-இல் தப்பினார். போருக்குப் பின் 1952-இல் இவர் எழுதிய 'குவாய் ஆற்றுப் பாலம்' என்ற நாவல் உலகெங்கும் பரவியது. 1957-இல் டேவிட் லீன் அதைத் திரைப்படமாக்கினார். இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட அந்தப் படம் ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்றது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூல் சயாம் இரயில்பாதையில் கைதியாக இருந்தவர் அல்லர். நாவலில் உள்ளது அவர் கேட்டறிந்ததும் கற்பனை செய்ததும் கலந்தது. 1966-இல் எழுதிய நினைவு நூலில்தான் தம் சொந்தப் போர் அனுபவத்தை அவர் சொன்னார். மற்றொன்று, கதையின் நடுவில் நிற்பவர்கள் பிரிட்டிஷ் படைவீரர்கள். இரயில்பாதையில் மிகுதியாக உழைத்து மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை. தோட்டத்தில் தமிழரோடு பல ஆண்டுகள் பழகிய ஒருவர் எழுதிய நூலுக்கே இந்த நிலை!

எழுத்தின் வலிமைக்கு இன்னொரு சான்று உண்டு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தப் புகழ்பெற்ற பாலம் நிற்கும் ஆற்றுக்கு அக்காலத்தில் மே குலோங் என்று பெயர். படத்தைப் பார்த்துவிட்டு வந்த சுற்றுப்பயணிகள் குவாய் ஆறு எங்கே என்று கேட்டனர். 1960-களில் அந்த ஆற்றுப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயர் சூட்டப்பட்டது. புத்தகத்துக்கு ஏற்ப ஆறே பெயரை மாற்றிக்கொண்டது. அந்த ஆற்றங்கரையில் இறந்த நம்மவர்களின் பெயரோ எங்கும் பதியப்படவில்லை.

பெயர் பொறித்த கல்லும் பெயரில்லாத மண்ணும்

சயாமின் பான் போங் வட்டாரத்தையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்க வேண்டிய வேலையை ஜப்பானிய இராணுவம் ஒன்றேகால் ஆண்டில் முடித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டனர்; அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இரண்டு இலட்சத்தை ஒட்டியது என்றும், அவர்களுள் இறந்தோர் ஏறக்குறைய 90,000 பேர் என்றும் வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து சென்றவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள்.

தோட்டங்களில் அன்று பால்வெட்டு நின்றுபோயிருந்தது. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறு. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், நல்ல சாப்பாடு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டப்பட்டது. ஆசைக்கு மசியாதவர்கள் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டனர். சரக்கு இரயில் பெட்டிகளில் கெடா வழியாக வடக்கே கொண்டுசெல்லப்பட்டு, பான் போங்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டனர். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. போர்க்கைதிகளிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். கொதிக்கவைத்த நீரையே குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்க அதிகாரிகள் இருந்தனர். நம்மவர் முகாம்களில் இவை எதுவும் இல்லை. சாவு எண்ணிக்கை இவ்வளவு கூடியதற்கு இது முதன்மையான காரணம்.

இன்று காஞ்சனபுரிப் போர்க்கல்லறைக்குச் செல்பவர்கள் ஏறக்குறைய ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகளை வரிசை வரிசையாகக் காணலாம். பெயர், வயது, படைப்பிரிவு என்று ஒவ்வொரு கல்லிலும் பொறித்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் இல்லை. காட்டிலும் ஆற்றோரத்திலும் கூட்டாகப் புதைக்கப்பட்டனர், எரிக்கப்பட்டனர்.

ஏன் எழுதவில்லை?

நம்மவர்களுக்கு நினைவு இல்லை என்பது பொருளன்று. சயாமுக்குப் போய் மீண்டவர்கள் லயத்து வாசலில் அமர்ந்து பேசினார்கள். திரும்பாதவர்களுக்காகப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நினைவு வாயில் இருந்தது, தாளில் ஏறவில்லை.

போர்க்கைதிகளிடையே கல்வி கற்ற அதிகாரிகள் பலர் இருந்தனர். அவர்கள் மறைத்து மறைத்து நாட்குறிப்பு எழுதினர். ஆஸ்திரேலிய மருத்துவர் 'வியரி' டன்லப் எழுதிய போர் நாட்குறிப்பு 1986-இல் நூலாக வந்தது. நம்மவருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. திரும்பி வந்தவர்களுக்கோ அடுத்த நாளே வயிற்றுப்பாடு காத்திருந்தது. கணவன் வரமாட்டான் என்று முடிவு செய்து மறுமணம் செய்துகொண்ட பெண்கள் இருந்தனர். சில வீடுகளில் இறந்ததாக எண்ணிய கணவன் பின்னர் வந்து நின்றதும் உண்டு. இத்தகைய கதைகளைப் பிள்ளைகள் முன் பேச எவருக்கு மனம் வரும்? 1948-இல் அவசரகாலம் வந்தது. அதன் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஒரே லயத்தில் இருந்து ஒருவர் நினைவை மற்றவர் சரிபார்க்கும் வாய்ப்பும் போயிற்று.

நம் கெடா மாநிலத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. 1943 அக்டோபரில், இரயில்பாதை முடிந்த அதே மாதத்தில், ஜப்பானியர் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் சயாமிடம் ஒப்படைத்தனர். போர் முடியும்வரை கெடா சயாம் ஆட்சியில் இருந்தது. ஆகவே, இங்குள்ள ஒரு மூதாட்டி "சயாம்காரன் காலத்தில்" என்று சொன்னால் அது இரயில்பாதையைக் குறிக்கலாம். வீட்டில் இருந்தபடியே கண்ட ஆட்சி மாற்றத்தையும் குறிக்கலாம். கேட்பவர் வரலாறு அறிந்திருந்தால்தான் சொல்பவரின் நினைவு சரியாக விளங்கும்.

நினைவு கிடைக்காதவர்கள் எழுதிய நினைவு

இனி, துரைமாருக்குப் பின் வந்த பிரஞ்சு எழுத்தாளர்களைக் காண்போம். நம்முடையதைப் போன்றே அறுந்துபோன நினைவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் எழுதினார்கள். அதனால்தான் அவர்கள் நமக்கு வேண்டியவர்கள்.

ஜோர்ஜ் பெரெக் 1936-இல் பிறந்த யூதச் சிறுவன். தந்தை 1940-இல் போரில் மடிந்தார். தாய் 1943-இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1975-இல் பெரெக் எழுதிய தன்வரலாற்று நூல், தமக்கு இளமை நினைவு ஏதும் இல்லை என்ற ஒப்புதலிலிருந்துதான் தொடங்குகிறது. மிச்சமிருந்த சில நிழற்படங்களையும் தாள்களையும் எடுத்துவைத்து, இது உறுதி, இது ஐயம், இது நான் பிறகு சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பிரித்து எழுதினார்.

2014-இல் நோபல் பரிசு பெற்ற பத்ரிக் மொதியானோ, 1941 டிசம்பர் 31-ஆம் நாளிட்ட ஒரு பழைய நாளிதழில் சிறு விளம்பரத்தைக் கண்டார். காணாமற்போன பதினைந்து வயதுச் சிறுமியைப் பெற்றோர் தேடிய அறிவிப்பு அது. சிறுமியின் பெயர் தோரா புரூதர். பள்ளிப் பதிவேடு, காவல் நிலையக் குறிப்பு, பிறப்புப் பதிவு என்று பல ஆண்டுகள் தேடி, அவளும் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டதை அறிந்து, 1997-இல் அவள் பெயரிலேயே நூலை வெளியிட்டார். கிடைக்காத பகுதிகளைக் கற்பனையால் நிரப்பி அவளை ஒரு கதைமாந்தராக்கிவிடவில்லை.

2022-இல் நோபல் பரிசு பெற்ற அன்னி எர்னோ நம்மைப் போல் ஓர் ஆசிரியர். அவருடைய தந்தை சிறு வயதிலேயே படிப்பை விட்டுப் பண்ணை வேலைக்குச் சென்றவர். பின்னர் ஆலைத் தொழிலாளி. அதன் பின் ஒரு சிற்றூரில் மளிகையும் தேநீர்க்கடையும் சேர்ந்தாற்போல் நடத்தியவர். எர்னோ ஆசிரியத் தேர்வில் தேறிய இரண்டு மாதங்களில், 1967-இல், தந்தை இறந்தார். படித்த மகளுக்கும் உழைத்த தந்தைக்கும் நடுவே விழுந்த இடைவெளியை 1983-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அலங்காரச் சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தார். தந்தையின் எளிய வாழ்க்கையை அழகுபடுத்தினால் அது அவருக்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கருத்து. தோட்டத்தில் பிறந்து ஆசிரியர் ஆனவர்களுக்கு இந்த இடைவெளியை விளக்க வேண்டியதில்லை!

இந்த மூவரிடமும் நாம் கற்க வேண்டிய ஒழுக்கம் ஒன்றே: தெரிந்ததைத் தெரிந்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் எழுதுவது.

ஐம்பதாண்டு கழித்து வந்த நாவல்

நம் நாட்டில் இந்த நினைவைத் தாளில் ஏற்றும் பொறுப்பை நாவலாசிரியர்கள் ஏற்றனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இல் வந்தது. இரயில்பாதை முடிந்து சரியாக ஐம்பது ஆண்டுகள்! அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இல் வந்தது. கெடா எழுத்தாளர் கோ. புண்ணியவான் இதே பொருளில் 'கையறு' என்ற நாவலை எழுதினார். பின்னிருவரும் ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள் என்பது நமக்குப் பெருமை. மீண்டு வந்த முதியவர்களைத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைத் தொகுத்து நூலாக்கிய சீ. அருண் அவர்களின் பணியும் நன்றிக்குரியது.

பிரஞ்சு அறிஞர் பிலிப் லெஜுன் 1975-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தன்வரலாறு என்பது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் உள்ள ஓர் ஒப்பந்தம்; அட்டையில் உள்ள பெயரும் கதை சொல்பவரின் பெயரும் அதில் வாழ்ந்தவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். இந்த அளவுகோலால் பார்த்தால் நம் இழப்பு எவ்வளவு என்பது புரியும். நம்மிடம் நல்ல நாவல்கள் உள்ளன. பாதையில் கட்டை சுமந்தவரே தம் பெயரை அட்டையில் இட்டு எழுதிய நூல் நம்மிடம் மிக அரிது. நாவல் நமக்கு உணர்வைத் தருகிறது. ஆனால் ஒரு குடும்பத்தில் இன்னார் இந்தத் தோட்டத்திலிருந்து சென்றார், திரும்பவில்லை என்ற செய்தியை நாவல் தர முடியாது. அதை அந்தக் குடும்பம்தான் தர வேண்டும்.

பாடாங் செராயில் நாம் செய்யக்கூடியது

1943-இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். பாதையில் உழைத்தவர்களை இனிக் கேட்க இயலாது. ஆனால் அவர்களின் பிள்ளைகள் எழுபது, எண்பது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். விக்டோரியா, ஹென்றியெட்டா, பாடாங் மேஹா என்று நம் வட்டாரத் தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையிலும் இருக்கின்றன. அந்தப் பெயரைத் தினமும் எழுதும் மாணவருக்கு அத்தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் கதை தெரிய வேண்டாமா?

நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக 2014-இல் அறிமுகமானது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த கட்டுரைகளுக்கு இனித் தேவை இல்லை. எனவே 'தன்கதை' எழுதச் சொல்லும்போது பேனாவை விட்டுவிட்டுப் பால் மங்கையும் உளியையும் பேசவைக்கலாம். அதற்கு முன் மாணவர் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வர வேண்டும். அப்படிக் கேட்கையில் பின்வருவன உதவும்.

1. ஆண்டைக் கேட்காதீர்கள். பெரியவர்களுக்கு நிகழ்ச்சிதான் நாட்காட்டி. "ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா? மெர்டேக்காவுக்கு முன்பா? மே 13-க்குப் பின்பா?" என்று கேளுங்கள். ஆண்டை நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2. தாள்களைத் தேடுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ், 1948-இல் அறிமுகமான அடையாள அட்டை, திருமணப் பதிவு, தொழிற்சங்க அட்டை, நிழற்படத்தின் பின்புறம் எழுதிய வரி எல்லாம் ஆவணமே. என் வகுப்பு மாணவி ஒருத்தி பாட்டியின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான், தன் குடும்பம் முன்பு இருந்தது வேறொரு தோட்டம் என்பதை அவள் வீட்டாரே அறிந்துகொண்டனர்.

3. கண்டதையும் கேட்டதையும் பிரித்தெழுதுங்கள். "பாட்டி கண்டது", "பாட்டிக்கு அவர் அம்மா சொன்னது" என்று இரு தலைப்பு போதும். நான்காம் ஆண்டு மாணவரும் இதைச் செய்வார்.

4. சொல்லை மாற்றாதீர்கள். 'பெரட்டு', 'ஆயாக் கொட்டகை', 'திம்பார்', 'கிராணி' என்று பாட்டி சொன்னால் அப்படியே எழுதட்டும். அந்தச் சொற்களும் மறைந்துகொண்டிருக்கின்றன.

5. வற்புறுத்தாதீர்கள். சொல்ல விரும்பாத செய்தி எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெரியவர் மௌனமானால் மாணவர் நன்றி கூறி எழுந்துவிட வேண்டும். எழுதியதைப் பள்ளிக்கு வெளியே பகிர்வதானால் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. பிறந்தநாளைப் பதிவு செய்வது போல் உங்கள் தாய் தந்தையின் பேச்சையும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். யார், எந்த நாளில், எங்கே பேசினார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயரும் நாளும் இல்லாத பதிவு சில ஆண்டுகளில் யாருடைய குரல் என்றே தெரியாமல் போகும். கூடுதலாகத் தேட விரும்புவோருக்கு அலோர் ஸ்டாரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது.

இவை ஒன்றும் நோபல் பரிசுக்குரிய எழுத்தாக வேண்டியதில்லை. ஒற்றைக் கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் ஒரு குழந்தை எழுதும் இருபது வரி போதும். அதில் கொள்ளுத் தாத்தாவின் முழுப்பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்குமானால், காஞ்சனபுரியில் அவருக்குக் கிடைக்காத கல் பாடாங் செராயில் அவருக்குக் கிடைத்துவிடும்.

வரும் பள்ளி விடுமுறையில் தொடங்குவோமே!